எந்தக் கை என்று கேட்டார்கள்

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதையும் முழுசாகப் படிக்கவில்லை. அம்பகரத்தூரில் அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டிய அப்பாவுக்குச் சோறு தூக்கிக்கொண்டு போனதிலேயே பாதி வருஷம் போய்விட்டது. அப்படிப்பட்டவன் காரைக்கால் கடைத்தெருவில் ஏழடிக்கு ஒன்பதடி இடத்தில் ரப்பர் ஸ்டாம்ப் கடை போட்டு, முப்பத்தெட்டு வருஷம் நடத்தினேன். எனக்கு யாரும் தொழில் சொல்லிக்கொடுக்கவில்லை. குடை ரிப்பேர்காரர் கழித்துப் போட்ட கம்பியைத் தீட்டி நானே உளி செய்தேன். முதல் ஸ்டாம்பாக ஒரு மயிலைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழிக்கும் ரப்பரில் வெட்டினேன். தலைமையாசிரியர் முத்திரை, கூட்டுறவுச் சங்க முத்திரை, கோயில் ரசீது முத்திரை என்று நான் வெட்டாத முத்திரை இந்த ஊரில் குறைவு. பிரெஞ்சில் புத்தாண்டு வாழ்த்துக்கூட வெட்டியிருக்கிறேன். அதில் எந்த எழுத்து என்ன சத்தம் போடும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த ஒரு மதாம் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு புள்ளிகூடத் தப்பில்லை என்றார்.

தலத்தெருவில் வீடு கட்டினேன். ஒரே மகள் விஜயாவைப் பள்ளிக்கூட டீச்சர் ஆக்கினேன். கூடவே வாழ்த்து அட்டை வியாபாரத்தையும் கொண்டுவந்தேன். அச்சாபீசில் வரும் பளபள அட்டை இல்லை. தடித்த அட்டையை மடித்து, ஸ்டாம்பில் மை ஒற்றி அடித்து, ஈரம் காயும் முன் பவுடர் தூவிச் சூடு காட்டினால் கோடு மேடாக எழும்பி நிற்கும். ஓரத்தில் காகிதச் சுருளால் பூ. ஊரே போனில் வாழ்த்து அனுப்ப ஆரம்பித்த பிறகும் ஞானஸ்நானம், கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று அட்டைக்கு என் கடைக்கு ஆள் வந்தது.

அந்த அட்டைகளை அடித்தது என் மனைவி சரோஜா. இதை இவ்வளவு தள்ளிச் சொல்கிறேனே என்று விஜயா குறை சொல்வாள். சொல்லட்டும்.

சரோஜா போய் ஏழு மாதம் ஆகிறது. அவள் டயாலிசிஸ் செய்துகொண்ட ஆஸ்பத்திரியில், காத்திருக்கும் கூடத்தின் சுவரில் அவளுடைய அட்டைகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் போகிறார்கள். “பக்கத்துல வைக்க நீங்க ஏதாவது எழுதிக் கொடுங்க ஐயா, புதுசா வர்றவங்க பயப்படுறாங்க, படிச்சா தெரிஞ்சுக்குவாங்க” என்று ரீட்டா சிஸ்டர் கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

முதலில் கால் வீங்கியது. கொலுசைக் கழற்றினால் அந்தத் தடம் சாயங்காலம்வரை பள்ளமாக இருந்தது. காலையில் முகமும் உப்பியது. சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது, வாயில் இரும்பு வாடை அடிக்கிறது என்றாள். பித்தம் என்றேன். எல்லாவற்றுக்கும் நான்தானே பதில் சொல்வேன். இரண்டு மாதம் சுக்குக் கஷாயம் குடித்தாள். ஒரு நாள் கடையில் அட்டைக் கட்டைத் தூக்கப் போனவள் மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தோம்.

கிரியேட்டினின் என்று ஒன்று சொல்வார்கள். உங்கள் சீட்டிலும் இருக்கும். உடம்பு வேலை செய்தால் கழிவு சேரும். அதைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். தள்ளாமல் ரத்தத்திலேயே நின்றுவிட்டது எவ்வளவு என்று காட்டும் கணக்கு அது. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். சரோஜாவுக்கு ஒன்பதைத் தாண்டியிருந்தது. பல வருஷம் பிரஷருக்கு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடாமல் விட்டதில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார் டாக்டர். இனி மிஷின்தான். உடம்பிலிருந்து ரத்தத்தைக் குழாய் வழியாக எடுத்து, ஒரு வடிகட்டியில் கழுவி, திரும்ப உள்ளே விடும். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவை. அவ்வளவுதான் டயாலிசிஸ். வலிக்காது. முடிந்த பிறகு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், மறுநாள் சரியாகிவிடும். பயப்படாதீர்கள்.

நான் பயந்தேன். பயத்தை மறைக்க என்ன செய்தேன் தெரியுமா? லேப் சீட்டில் இருந்த முத்திரையைக் காட்டி, இது என் கடையில் வெட்டியது என்று கவுன்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். “சரிங்க பெரியவரே, வரிசையில நில்லுங்க” என்றாள். பின்னால் நின்றவர் சிரித்தார். சரோஜாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு சீட்டிலாவது என் முத்திரையைத் தேடியிருப்பேன்.

விஜயா பள்ளிக்கூடம் போகும் முன்னே வந்து காய்கறியை நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்து வைப்பாள். காயில் இருக்கும் பொட்டாசியம் இதயத்துக்கு ஆகாது, கொட்டினால் குறையும். ருசியும் போய்விடும். சரோஜா ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிடுவாள். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு. அவள் எதிரில் நான் டீ குடிப்பதை நிறுத்தினேன். நான் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. எழுதி வைக்கிறேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்குப் போகப்போகிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்.

முதலில் கழுத்தில் ஒரு குழாய் வைத்துத்தான் மிஷினில் போடுவார்கள். அது தற்காலிகம். நாள்பட வேண்டுமென்றால் கையில் ஃபிஸ்டுலா போட வேண்டும். கையில் ஓடும் இரண்டு வகை ரத்தக்குழாயையும் ஒன்றாக இணைத்துத் தைத்துவிடுவது. ஆறு வாரத்தில் அந்த இடம் தடித்துப் பெரிதாகும். தொட்டால் உள்ளே பூனை உறுமுகிற மாதிரி அதிரும். அதில்தான் ஊசி குத்துவார்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, இறுக்கமாக வளையல் போடக் கூடாது. அதனால் அதிகம் வேலை செய்யாத கையாகப் பார்த்துப் போடுவார்கள்.

தஞ்சாவூரில் ஆபரேஷன். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். இரண்டு கையையும் ஸ்கேன் செய்து பார்த்தார். “ரெண்டு கையிலயும் ரத்தக்குழாய் நல்லா இருக்கும்மா. எதுல வேணாலும் போடலாம். உங்களுக்கு எந்தக் கை பழக்கம்? வேலை எல்லாம் எதுல செய்வீங்க?” என்று சரோஜாவைப் பார்த்துக் கேட்டார்.

சரோஜா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“எல்லாம் சோத்துக் கைதாங்க டாக்டர். இடது கையால ஒண்ணும் செய்யமாட்டா.”

“அப்படியாம்மா?”

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவர் பேனாவை எடுத்து அவளுடைய இடது கையில் ஒரு கோடு போட்டார்.

நான் சொன்னது பொய். சாப்பிடுவதும் எழுதுவதும் அவள் வலது கையால்தான். சின்ன வயசில் அடித்துப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் கத்தரிக்கோல், காகிதச் சுருள், ஸ்டாம்ப் எல்லாம் இடது கை. பீச்சாங்கைக்காரி என்று நானே கேலி செய்திருக்கிறேன். கடை போட்ட இரண்டாவது வருஷம், கல்யாண அட்டை வாங்க வந்த ஒருவர் அவள் இடது கையால் அடிப்பதைப் பார்த்துவிட்டார். “பீச்சாங்கையால அடிச்சதயா நல்ல காரியத்துக்குக் கொடுக்குறது?” என்று மொத்த அட்டையையும் மேசையில் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கே கடையை இரண்டாகத் தடுத்துத் திரை கட்டினேன். அவள் மேசை திரைக்குப் பின்னால் போனது. உன் கை யாருக்கும் தெரியக் கூடாது, யார் கேட்டாலும் வலது கை என்றுதான் சொல்ல வேண்டும் என்றேன். அதற்கப்புறம் முப்பத்தாறு வருஷம் அட்டை வெளியே வந்தது, கை வெளியே வரவில்லை. நீங்களே வெட்டி நீங்களே அடிப்பீர்களா என்று முன்னால் உட்கார்ந்திருந்த என்னைக் கேட்பார்கள். நானும் ஆமாம் என்றுவிடுவேன்.

டாக்டர் கேட்டபோது எனக்கு நோய் ஞாபகம் வரவில்லை. கடைதான் ஞாபகம் வந்தது. வெளியாள் ஒருவர் சரோஜாவின் கையைப் பற்றிக் கேட்கிறார், வலது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் தோன்றியது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுகூட உறைக்கவில்லை. அவளுடைய இடது கைக் கண்ணாடி வளையல்களை ஒரு பேப்பரில் பொட்டலமாகக் கட்டி என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். வலது கையில் மட்டும் வளையலோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள்.

ஃபிஸ்டுலா நன்றாகத் தேறியது. மிஷினுக்கு அருமையாக ரத்தம் கொடுத்தது. ஆனால் விரல்கள் சில்லிட ஆரம்பித்தன. சிலருக்கு மட்டும் இப்படி ஆகுமாம். விரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தை அந்த இணைப்பே இழுத்துக்கொள்ளும். இங்கிலீஷில் அதற்குத் திருட்டு என்றே பேர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் வீட்டு மேசையில் அட்டைகளைப் பரப்பி உட்கார்ந்தாள். பிரான்சுக்கு அனுப்ப ஒரு குடும்பம் ஞானஸ்நான அட்டை கேட்டிருந்தது. இடது கையால் ஸ்டாம்பை எடுத்தாள். கட்டையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. நழுவி மைப்பெட்டியில் விழுந்தது. திரும்ப எடுத்தாள், திரும்பவும் விழுந்தது. விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் பெட்டியில் கிடந்த மீன் மாதிரி இருந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஏன்டி, அன்னிக்கு டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்கதான் சொல்லிட்டீங்களே.”

“நான் சொன்னா? உன் கைதானே அது?”

“யாருக்கும் தெரியக் கூடாதுன்னீங்க. சரி, இவருக்கும் தெரியக் கூடாதுபோலன்னு இருந்துட்டேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

மறு வாரமே தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனேன். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் பழைய ஸ்கேனை எடுத்துப் பார்த்தார். “அன்னிக்கே சொல்லியிருந்தா வலதுல போட்டிருப்போம் ஐயா. இப்ப இத அவுத்தா மிஷினுக்கு வழி இல்ல. இந்த மூணு மாசமா ஊசியெல்லாம் வலது கையில போட்டு அந்தக் குழாயெல்லாம் கெட்டுப்போச்சு” என்றார். விரலுக்கு மாத்திரை எழுதினார். உறை போட்டுச் சூடாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

போகட்டும், நானே அடித்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். இத்தனை ஸ்டாம்ப் வெட்டியவன் ஒன்றை அடிக்க மாட்டேனா? அச்சு வெட்டுவதுதான் தொழில், அடிப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று நாலு பேர் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். முதல் அட்டையில் மை அப்பியது. இரண்டாவதில் பூவுக்குப் பாதி இதழ் இல்லை. பத்து அட்டை பாழானது.

“அழுத்தாதீங்க” என்றாள் சரோஜா. “வச்சிட்டு மூச்ச விடுங்க. முழுசா விட்டப்புறம் தூக்குங்க. ஆட்டாம நேரா தூக்கணும்.”

முப்பத்தெட்டு வருஷம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன், அவள் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு மூச்சு விட்டாள் என்று எனக்குத் தெரியாது. சொன்னபடி செய்தும் எனக்கு வரவில்லை. பிறகு அவளே வலது கையால் அடித்துப் பார்த்தாள். கோணலாக விழுந்தது. “உங்க அப்பலுக்கு என் கோணல் தேவல” என்றாள்.

அதற்கப்புறம் டயாலிசிஸ் நாட்களில்தான் அட்டை. நாலு மணி நேரம் இடது கை மிஷினோடு ஆடாமல் கிடக்கும், வலது கை சும்மா இருக்கும். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் அட்டையை நான் பிடித்துக்கொள்வேன். மை ஒற்றிக் கொடுப்பேன். அவள் வலது கையால் அடிப்பாள். அங்கே திரை இல்லை. எல்லாரும் பார்த்தார்கள். திரை கட்டிய பிறகு முதன்முதலாக ஊரார் பார்க்க அவள் அட்டை அடித்தது, வராத கையால்.

பக்கத்துப் படுக்கை அஞ்சப்பனுக்கு. பட்டினச்சேரிக்காரர், கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். சரோஜாவை அக்கா என்பார், என்னை மாமா என்பார். அவர் பேரன் பிறந்தநாளுக்கு ஒரு படகு அட்டை கொடுத்தாள். நான் வெட்டியதில் அந்தப் படகுதான் சிறந்தது, பாய்க்கயிறுகூடத் தெரியும்.

அஞ்சப்பன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னக்கா, படகு கவுந்துல்ல கெடக்கு?”

“காத்துல சாயுதுடா தம்பி. நீ பாக்காத காத்தா?”

“எங்க ஊர்ல இப்புடிச் சாஞ்சா ஆள எண்ணிப் பாப்போம்.”

“எண்ணிக்க. நீ, நான், உன் மாமா. மூணு பேரும் இருக்கோம்ல?”

ரீட்டா சிஸ்டர் வந்து, சிரிக்காதீங்க, ஊசி அசையுது என்று அதட்டினார். அவருக்கும் ஒரு அட்டை போனது. தரை துடைக்க வருகிறவருக்கு, மிஷின் ரிப்பேர் பார்க்க வந்தவருக்கு, முதல் நாள் அழுதுகொண்டே வந்த புது நோயாளிக்கு என்று ஒரு வருஷத்தில் எத்தனையோ. எல்லாம் சாய்ந்த பூ, சரிந்த மயில், ஓரத்தில் பாதி விழுந்த குத்துவிளக்கு. அடிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூச்சு விடுவதை இப்போது நான் கவனித்தேன். கடைசி மாதங்களில் அந்த மூச்சும் விட்டு விட்டு வந்தது.

மழைக்காலத்தில் சளி பிடித்து நுரையீரலுக்கு இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள். வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாரும் ஒன்றாக எழுந்து ஒன்றாக உட்காருவோம். யாரோ ஒரு அம்மா என் கையில் இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்து, சாப்பிடுங்க, உள்ள இருக்கறவங்களுக்குத் தெம்பு வேணும்னா வெளியில இருக்கறவங்க சாப்பிடணும் என்றார். அவர் பேர் தெரியாது. இரண்டாம் நாள் உள்ளே விட்டபோது சரோஜா முகத்தில் மாஸ்க். பேச முடியவில்லை. அந்த இடது கையை என் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சூடு ஏறவில்லை. அவள் விரலால் என் உள்ளங்கையை ஒரு தடவை ஒற்றி எடுத்தாள், அழுத்தாமல், நேராக.

மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். உடலை ஒப்படைக்கும் காகிதத்தில் ஒரு வட்ட முத்திரை இருந்தது. உற்றுப் பார்த்தேன். நான் வெட்டியது இல்லை.

இப்போது விஜயா சுவருக்கு அட்டைகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாள். எல்லாம் பழையவை, திரைக்குப் பின்னால் அடித்தவை. நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். டயாலிசிஸில் அடித்தவற்றைத் தனியாக எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டாள். “அது வேணாம்பா, அம்மா பேருக்கு இழுக்கு. நோயில கை போயிட்டுதுன்னு யாருக்குத் தெரியும்?” என்கிறாள். சட்டத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்றும் தாளில் எழுதி வைத்திருக்கிறாள்: சரோஜா அம்மாள் கைவண்ணம்.

விஜயாவுக்கு ஒன்று தெரியாது. ஆபரேஷன் அன்று அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை, கூட வரவில்லை. இடது கை என்று டாக்டர்தான் முடிவு செய்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சரோஜா அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தும் மகளிடம் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதனால் இதைப் படிக்கும் வீட்டுக்காரர்களே, டாக்டர் உங்கள் மனைவியிடம் ஒன்று கேட்டால் வாயை மூடிக்கொண்டிருங்கள். அவளே சொல்லட்டும். பெண்களே, அரிவாள்மனையோ தையல் மிஷினோ பேனாவோ, நிஜமாக எந்தக் கையால் பிழைக்கிறீர்களோ அந்தக் கையைச் சொல்லுங்கள். யார் என்ன சொல்லி வைத்திருந்தாலும் சரி.

விஜயா, இந்த நோட்டில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள். இந்தக் கடைசிப் பக்கத்தில் மட்டும் கை வைக்காதே. கோணல் அட்டைகளைப் பெட்டியிலிருந்து எடு. நேரான அட்டைகளுக்குப் பக்கத்திலேயே, அதே அளவுச் சட்டத்தில் மாட்டச் சொல். நேரானவற்றுக்குக் கீழே உன் அம்மா பேர் மட்டும் போதும். அவற்றுக்கான பேரை முப்பத்தாறு வருஷம் நான் வாங்கித் தின்றாகிவிட்டது. ஸ்டாம்ப் வெட்டியவன் என்று ஓரத்தில்கூடப் போட வேண்டாம்.

கோணலானவற்றுக்குக் கீழே என் பேர் வர வேண்டும். சுருக்காமல், ப. கலியமூர்த்தி, ரப்பர் ஸ்டாம்ப் கடை, காரைக்கால் என்று முழுசாகப் போடுங்கள். இவை சரோஜா இடது கைக்காரியாக இருந்தும் வலது கையால் அடித்தவை, அவளிடம் கேட்ட கேள்விக்கு அவள் புருஷன் பதில் சொன்னதால் இப்படி வந்தவை என்று எழுதுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு சாய்வும் என் வேலை. அதற்கு உரிய பேர் எனக்கு வந்தாக வேண்டும்.